இரவு டூட்டியில் எத்தனை பேர்?

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரும்வரை சாலையோரம் முதியோர் இல்லப் பலகைகள் கண்ணில் படுகின்றன. கடல் காற்று, சைவச் சாப்பாடு, பக்கத்திலேயே கோயில். இரவில் எத்தனை நர்ஸ் என்று எழுதிய பலகையை நான் பார்த்ததில்லை.

என் பெரியம்மா அப்படியோர் இல்லத்தில் இருந்தார். பக்கவாதம்; தானாகப் புரள முடியாது. நாற்பது பேருக்கு இரவில் ஒரு நர்ஸ், ஓர் ஆயா. பெரியம்மாவின் அடிமுதுகில் வந்த படுக்கைப் புண்ணை நாங்கள் பார்த்தபோது எலும்பு தெரிந்தது.

அந்த நர்ஸை நான் குறை சொல்லமாட்டேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிவிட வேண்டும் என்பார்கள். அங்கே அப்படி 12 பேர். துணி மாற்றிப் புரட்ட ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலும், கடைசி ஆளை முடிக்கும்போது முதல் ஆளின் முறை வந்துவிடும். மாத்திரை கொடுப்பது எப்போது? கழிப்பறைக்குத் தடுமாறி எழும் தாத்தாவைப் பிடிப்பது யார்?

அமெரிக்க அரசுக்காக 2001-இல் நடந்த ஆய்வு, இல்லவாசி ஒருவருக்கு நாளொன்றுக்குச் செவிலியரும் உதவியாளரும் சேர்ந்து 4.1 மணி நேரம் தரவேண்டும் என்றது. அதற்குக் குறைந்தால் தவிர்க்கக்கூடிய கேடுகள் கூடுகின்றன. நாற்பது பேருக்கு 164 மணி நேரம். எட்டு மணி ஷிப்ட் என்றால் நாளொன்றுக்கு இருபது பேருக்கு மேல் வேண்டும்.

வலியைச் சொல்ல முடியாத உடலை இன்னொருவர் தினமும் பார்க்க வேண்டும் என்ற பாடம் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1955 முதல் திருமணியில் மத்தியத் தொழுநோய் நிலையம் இருக்கிறது. அந்நோயால் உணர்வற்றுப்போன பாதத்தில் புண் வந்தால் வலி சொல்லாது. தினமும் ஒருவர் பாதத்தைப் பார்த்தாக வேண்டும். பேச முடியாத முதியவரின் முதுகும் அப்படித்தான்.

என் வேண்டுகோள் மூன்று. இல்லங்களை ஆய்வு செய்பவர்கள் சமையலறையோடு டூட்டி சார்ட்டையும் பார்க்கட்டும். படுக்கைப் புண், கீழே விழுதல் இரண்டுக்கும் பதிவேடு கட்டாயமாகட்டும். இரவில் பணியிலிருப்போர் எண்ணிக்கையை வாசலில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல், இரவு இரண்டு மணிக்கு ஓர் இல்லத்தின் அழைப்பு மணியை அடித்துப் பாருங்கள். கதவைத் திறக்க வருபவர், உள்ளே எத்தனை பேரை விட்டுவிட்டு வந்தார் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
மாவட்டவாசி ஒருவர்