வெளிப்பொதிகளை யார் பராமரிப்பது? எங்கள் குழுவின் நிலைப்பாடு

எப்சம் வார இறுதித் தமிழ் வகுப்பின் மடிக்கணினிகளை டெபியன் 13-க்கு மாற்றியபின் எழுந்த சச்சரவை உறுப்பினர்கள் அறிவார்கள். யார் யாரை என்ன சொன்னார்கள் என்று இங்கே கிளறப் போவதில்லை. பராமரிப்பாளர் இல்லாத பொதிகளை நம் தனிக் களஞ்சியத்திலிருந்து நீக்குவது என்ற செயற்குழு முடிவு, சில திருத்தங்களுடன், நிற்கிறது. ஒருமனதான முடிவு அல்ல, பெரும்பான்மை முடிவு.

சண்டை தமிழ்99 விசைப்பலகையில்தான் தொடங்கியது. டெபியனில் அது எம்17என் தரவுப் பொதியோடு வருகிறது, ஐபஸ் வழியாக இயங்குகிறது. நம்மிடம் இருந்தது அதில் கைவைத்த ஒரு பிரதி. கை வைத்தவர் ஊர் மாறிப் போய்விட்டார். என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதற்கு ஒரு வரிக் குறிப்பும் இல்லை. 'க' விசையை இருமுறை தட்டினால் 'க்க' என்று புள்ளி தானே விழவேண்டும். 'ங'வை அடுத்து 'க' தட்டினாலும் அப்படியே. பிள்ளைகளுக்கு வேண்டியது இவ்வளவுதான். எனவே டெபியனில் உள்ளதையே இனிப் பயன்படுத்துவோம். திருத்தம் தேவைப்பட்டால், இயன்றவரை, மூலத்துக்கே அனுப்புவோம். சொந்தமாகக் கைவைப்பது ஆபத்து: டெபியன் தன் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில் 2006-இல் செய்த ஒரு சிறு மாற்றத்தால், 2008 மே மாதம் கண்டுபிடிக்கப்படும்வரை, ஊகிக்கக்கூடிய மறைச்சாவிகளே உருவாகிக்கொண்டிருந்தன. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்?

எழுத்துருக்களுக்கு லோகித், நோட்டோ போதும். 32-பிட் மடிக்கணினிகள் தற்போதைக்கு டெபியன் 12-இல் தொடரலாம். முகம் தெரியாதவர்களின் களஞ்சியங்களை வகுப்புக் கணினிகளில் சேர்க்கக் கூடாது. பொதியின் நிறுவல் நிரல் ரூட் அதிகாரத்தோடு ஓடும் என்பது நினைவிருக்கட்டும்.

நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. அந்தச் சச்சரவின்போது, பொதிகளைப் பராமரிக்கும் ஒரு தன்னார்வலருக்கு வந்த செய்திகளை நாங்களும் படித்தோம். கூலி கொடுத்து வைத்திருக்கும் ஆளிடம்கூட யாரும் அப்படிப் பேசுவதில்லை. "முடியாவிட்டால் வேறு யாரிடமாவது கொடுங்கள்" என்று எழுதியவர்களில் ஒருவர்கூட, அந்த வேறு யாராக இருக்க முன்வரவில்லை!

இப்படி நெருக்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம். எக்ஸ்இசட் சுருக்குக் கருவியைப் பல ஆண்டுகள் ஏறக்குறைய தனியாளாகப் பார்த்துவந்தவர் லாசே காலின். வேலை மெதுவாக நடக்கிறது, புது ஆளைச் சேருங்கள் என்று 2022-இல் முன்பின் அறியாத பெயர்களிலிருந்து அவருக்கு நெருக்கடி வந்தது. மனநலம் சரியில்லை, இது ஊதியமில்லாத வேலை என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். நெருக்கடி ஓயவில்லை. உதவுவதாகப் பக்கத்தில் நின்ற 'ஜியா டான்' என்ற பெயரிடம் பொறுப்பு போயிற்று. 2024 பிப்ரவரியில், 5.6.0 பதிப்பில், பின்கதவு நுழைந்தது. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்ற நிரலாளர் கவனித்து, துருவிப் பார்த்து, மார்ச் 29 அன்று அறிவித்தார். அதற்குள் அது டெபியனின் சோதனைப் பதிப்புவரை வந்துவிட்டிருந்தது.

நம் உறுப்பினர்கள் சதிகாரர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. (இந்த வரி இருந்தே ஆகவேண்டும் என்று இருவர் வற்புறுத்தினார்கள்.) ஆனால் களைத்துப்போனவரை விரட்டி விரட்டிக் கேட்டால், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வந்து நிற்பவர் யார், எவர் என்று விசாரிக்கும் தெம்பு அவருக்கு இருக்காது. பொதியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்தப் பொதி நம் பிள்ளைகளின் கணினியில் ஓடும்.

ஆகவே பொதுவாக ஒவ்வொரு பொதிக்கும் இரு பராமரிப்பாளர்கள் இருக்கவேண்டும். குறைகள் வழுப்பதிவில் மட்டும் ஏற்கப்படும்: எந்தப் பதிப்பு, என்ன தட்டினீர்கள், என்ன வந்தது. தனிச்செய்தியில் திட்டுபவரின் குறை எடுத்துக்கொள்ளப்படாது. அது நியாயமான குறையாக இருந்தாலும் சரி.

நீக்குவது கொடுமை என்போருக்கு ஒரு சொல். நம் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கிய ஆர் மொழிக்கு, கிரான் என்ற பொதிக் களஞ்சியம் உண்டு. அங்கே பராமரிப்பாளர் மின்னஞ்சலுக்கு எட்டாமல் போனால் பொதி ஆதரவற்றதாக அறிவிக்கப்படும். பிழை திருத்தப்படாவிட்டால் காப்பகத்துக்குப் போய்விடும். அதனால் ஆர் அழிந்துவிடவில்லை.

சொற்பிழைத்திருத்திப் பொதிக்கு இப்போது ஒருவர்தான் இருக்கிறார். இன்னொருவர் கிடைத்தால் அது களஞ்சியத்தில் இருக்கும். அடுத்த பொதுக்கூட்டம்வரை பார்ப்போம். முன்வருபவர்கள் செயலாளருக்கு எழுதலாம். "யாராவது செய்யக் கூடாதா?" என்று கேட்டு வரும் மடல்களுக்குப் பதில் வராது.

செயற்குழு
எப்சம், ஆக்லாந்து