மின்பாதுகாப்பு விதியில் சேரிக்கும் ஒரு வரி வேண்டும்

மின்கம்பி அறுந்து விழுந்து நம் தெருவில் ஒருவர் செத்தால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். சாலை மறியல். உடலை வாங்க மறுப்பு. வட்டாட்சியர் வருவார், டி.எஸ்.பி. வருவார், மின்வாரியப் பொறியாளர் வருவார். இழப்பீடு எவ்வளவு, வீட்டில் ஒருவருக்கு வேலை உண்டா என்று பேச்சுவார்த்தை நடக்கும். இருட்டுவதற்குள் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த மழைக்கு அடுத்த காலனியில் இன்னொரு கம்பி அறுந்து விழும்.

மறியல் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மறியல் இல்லாவிட்டால் அந்த இழப்பீடும் வராது. கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும், மின்சாரத்தை வழங்குபவரே இப்படிப்பட்ட சாவுக்குப் பொறுப்பு என்று மத்தியப் பிரதேச மின்வாரியம் தொடர்பான வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு செத்த பிறகு கிடைக்கும் நியாயம். சாவதற்கு முன்னால் ஒரு நியாயம் உண்டு. அது விதிகளில் இருக்கிறது. அந்த விதிகளை எழுதும் இடத்தில் நம் குரல் இல்லை.

கம்பி எவ்வளவு உயரத்தில் போக வேண்டும், வீட்டுக்கு எவ்வளவு தள்ளிப் போக வேண்டும், எர்த் எப்படி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் மத்திய மின்சார ஆணையம் ஒழுங்குமுறைகளாக எழுதுகிறது. 2010-இல் ஒரு தொகுப்பு வந்தது. அதை நீக்கிவிட்டு 2023-இல் புதிய தொகுப்பு வந்தது. தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி 5.8 மீட்டருக்குக் கீழே தொங்கக் கூடாது என்று 2010 தொகுப்பு சொன்னது. எத்தனை காலனித் தெருக்களில் அந்த 5.8 மீட்டர் இருக்கிறது? இந்தக் கேள்வி அமலாக்கம் பற்றியது. இதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். நான் இங்கே கேட்பது வேறு: விதி ஒழுங்காக அமலானாலும் அது நம்மைக் காப்பாற்றுமா?

இரண்டு விதிகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, மின்கசிவு ஏற்பட்டால் நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும் கருவி. நம் வயர்மேன்கள் இ.எல்.சி.பி. என்றும் ஆர்.சி.டி. என்றும் சொல்வது. ஈரக் கையால் சுவிட்சைத் தொட்டவரை, கொடிக்கம்பியில் துணி காயப்போட்டவரைக் காப்பாற்றுவது இந்தச் சின்னப் பெட்டிதான். 2010 தொகுப்பின் 42-வது ஒழுங்குமுறை இதைக் கட்டாயமாக்கியது. ஆனால் 250 வோல்ட்டுக்குள் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த இணைப்புகளுக்கு விலக்கு கொடுத்தது. ஏ.சி. ஓடும் பங்களாவுக்குக் கருவி கட்டாயம். இரண்டு பல்பும் ஒரு மின்விசிறியும் ஓடும் தொகுப்பு வீட்டுக்குக் கட்டாயமில்லை. ஓட்டை வயரிங், ஈரச் சுவர், தகரக் கதவு, தேய்ந்துபோன எர்த் கம்பி எல்லாம் எந்த வீட்டில் இருக்கின்றன? அந்த வரியை எழுதியவர் மனதில் சாதி இருந்திருக்காது, கிலோவாட்தான் இருந்திருக்கும். ஆனால் இந்த நாட்டில் கிலோவாட்டுக்கும் சாதி உண்டு.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தன் மின் விநியோக விதித்தொகுப்பைத் திருத்தி, வீடுகளிலும் 30 மில்லி ஆம்பியர் அளவில் செயல்படும் இந்தக் கருவியைப் பொருத்தச் சொன்னது. நல்லது. ஆனால் பொருத்த வேண்டியவர் நுகர்வோர், செலவும் அவருடையது. குடிசை இணைப்பு வைத்திருக்கும் கூலிக்காரர் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து இதை வாங்குவாரா? வாங்க முடியாதவர் செத்தால், கருவி பொருத்தாதது உன் குற்றம் என்று சொல்ல ஒரு வழி திறந்துவிட்டிருக்கிறது. கடமையை மட்டும் எழுதி, செலவை யார் ஏற்பது என்று எழுதாமல் விட்டால் ஏழைக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இரண்டாவது, கம்பிக்குக் கீழே வீடு. கம்பி போன பிறகு ஒருவர் அதன் அருகில் கட்டடம் எழுப்பினால், முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், கம்பியை மாற்றும் செலவைக் கட்டடக்காரர் ஏற்க வேண்டும் என்பது விதி. சொந்தமாக மனை வாங்கி, விரும்பிய இடத்தில் வீடு கட்டும் ஒருவரைக் கற்பனை செய்து எழுதிய விதி இது. நம் மக்களுக்கு இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? ஊரில் யாரும் வேண்டாம் என்று தள்ளிய பள்ளத்தில், ஓடைக்கரையில், உயரழுத்தக் கம்பி போகும் புறம்போக்கில் மனைப்பட்டா கொடுத்தது அரசு. பிறகு அதே அரசின் இன்னொரு துறை வந்து, 'கம்பிக்குக் கீழே ஏன் கட்டினாய்? மாற்ற வேண்டுமானால் பணம் கட்டு' என்கிறது.

இந்த இரண்டையும் மாற்றலாம். வழி சட்டத்திலேயே இருக்கிறது.

மின்சாரச் சட்டம் 2003-இன் 177-வது பிரிவின்படி, மத்திய மின்சார ஆணையம் ஒழுங்குமுறை எதையும் முன்வெளியீடு செய்யாமல் கொண்டுவர முடியாது. முன்வெளியீடு என்றால் என்ன என்று 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம், 23-வது பிரிவு சொல்கிறது: வரைவை வெளியிட வேண்டும், தேதி குறிக்க வேண்டும், அதற்குள் வரும் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் பரிசீலிக்க வேண்டும். பொறியாளர் பட்டம் உள்ளவர்தான் எழுதலாம் என்று அதில் இல்லை. மாநில ஆணையத்துக்கும் 181-வது பிரிவில் இதே கட்டுப்பாடு உண்டு. வரைவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இந்த விதியை இப்படித் திருத்துங்கள் என்று எந்த நாளிலும் மனு அனுப்பலாம். மாநில அதிகாரிகளுக்குத் தமிழிலேயே மனு கொடுக்கும் உரிமையை அரசமைப்பின் 350-வது பிரிவு தருகிறது. மத்திய ஆணையத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புங்கள். கூடவே, உயிர் போகிற விஷயத்தின் வரைவைத் தமிழில் வெளியிடு என்றும் கேளுங்கள்.

வயரிங், எர்த்திங் தரங்களை எழுதுவது இந்திய தர நிர்ணய அமைவனம். தேசிய மின் விதித்தொகுப்பும் அதனுடையதுதான். அங்கேயும் வரைவுகளைப் பொதுக் கருத்துக்கு வைக்கிறார்கள். ஒவ்வொரு தரத்தையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்தாக வேண்டும். நுகர்வோர் அமைப்புகள் திருத்தம் கோரலாம். நம் சங்கங்கள் ஏன் கோரக் கூடாது?

எழுதும் முறை முக்கியம். 'எங்கள் பகுதியில் கம்பி தாழ்வாக இருக்கிறது' என்பது புகார். அது உதவிப் பொறியாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியது. திருத்தம் கோரும் மனுவில் நான்கு விஷயங்கள் வேண்டும். எந்த ஒழுங்குமுறை, எண் என்ன. இப்போது என்ன சொல்கிறது. அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும். ஏன். வாசகத்தை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். உதாரணத்துக்கு: "அரசு வழங்கிய மனைப்பட்டாவிலோ அரசுத் திட்டத்திலோ கட்டப்பட்ட குடியிருப்பு மின்கம்பிக்கு அருகில் இருந்தால், கம்பியை மாற்றும் செலவை உரிமதாரரே ஏற்க வேண்டும்." இன்னொன்று: "குடிசை இணைப்புகளுக்கும் அரசுத் தொகுப்பு வீடுகளுக்கும் மின்கசிவுத் தடுப்புக் கருவியை உரிமதாரர் தன் செலவில் பொருத்திப் பராமரிக்க வேண்டும்."

'ஏன்' என்பதற்குச் சான்று வேண்டும். மின்விபத்தில் உயிர் போனால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பது விதி. 161-வது பிரிவின் கீழ் மின் ஆய்வாளர் விசாரணை அறிக்கை தருவார். உங்கள் மாவட்டத்தின் ஐந்தாண்டு அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்தத் தெரு, எந்தக் காலனி என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மின்சாரம் தாக்கிச் சாகிறார்கள்; அந்த அட்டவணையில் ஆண், பெண், வயது உண்டு, சாதி இல்லை. அந்தக் கணக்கை நாம்தான் எடுக்க வேண்டும். கிராம சபைத் தீர்மானத்தையும் சேருங்கள். ஒரு எச்சரிக்கை: கம்பியின் உயரத்தைக் கழியை நீட்டி யாரும் அளக்க வேண்டாம். அளந்து எழுத்தில் தரச்சொல்லிப் பொறியாளரிடம் கேளுங்கள்.

'அனுப்பினால் படிப்பார்களா?' என்று தோழர்கள் கேட்பார்கள். எல்லாவற்றையும் படிக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எழுதப்பட்ட ஆட்சேபம் கோப்பில் இருக்கும். நாளை நீதிமன்றத்தில், 'இந்த ஆபத்தை எங்களிடம் யாரும் சொல்லவில்லை' என்று அவர்கள் சொல்ல முடியாது. விதி அரசிதழில் வந்த பிறகும் கதவு மூடுவதில்லை: 179-வது பிரிவின்படி மத்திய ஒழுங்குமுறைகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் 30 நாள் வைக்கப்பட வேண்டும், அவைகள் திருத்தலாம், நீக்கலாம். மாநில விதிகள் சட்டமன்றத்துக்கு வர வேண்டும். தமிழ்நாட்டில் மக்களவைக்கு 7 தனித்தொகுதிகள், சட்டமன்றத்துக்குப் பட்டியல் சாதியினருக்கு 44 தனித்தொகுதிகள். அங்கே வென்றவர்களில் எத்தனை பேர் மின்பாதுகாப்பு விதியை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

87-வது பிரிவின் கீழ் மாநில ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. வணிகம், தொழில், போக்குவரத்து, விவசாயம், தொழிலாளர், நுகர்வோர், தொண்டு நிறுவனங்கள் என்று யார் யாருக்குப் பிரதிநிதித்துவம் என அந்தப் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் இல்லை. இதையும் திருத்தச் சொல்ல வேண்டும்.

மின்சாரம் நமக்கு அந்நியமான துறை அல்ல. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையோடு மின்சாரத்தையும் கையில் வைத்திருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். மத்திய தொழில்நுட்ப மின் வாரியம் அமைந்தது அவர் காலத்தில்தான். மின்சாரக் கொள்கை வகுத்தவரின் பிள்ளைகள், தங்கள் தலைக்கு மேல் போகும் கம்பியின் விதியை எழுதப் பொறியாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இந்த மாதம் உங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே ஒரு விதியை எடுங்கள். நான்கு பத்தி எழுதுங்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.