தகரப் பெட்டிக்குள் நாட்டுக்கோழி

கோடையில் வெயில் கொளுத்தும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம்பிடிக்கிறது. அங்கே நாலு பக்கமும் அடைத்த தகரக் கூண்டில் கோழி வளர்ப்பது அதை உயிரோடு வேகவைப்பதுதான்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடல் வெப்பமே சுமார் 41 டிகிரி செல்சியஸ். வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். போதாததற்கு, எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வெளியேறாவிட்டால் கண் எரியும், மூச்சுக்குழாய் புண்ணாகும்.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவு வேண்டாம். கூண்டின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேரே உள்ளே பாயாது. அடியில் ஓரடிச் சுவர், அதற்குமேல் கூரைவரை கம்பிவலை. கீரிக்கும் பாம்புக்கும் பயந்து வலையையே பலகையால் மூடுபவர்கள் உண்டு. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் இருந்தால் பலகை எதற்கு? பத்துக் கோழிக்கு 20 சதுர அடி போதும். கூரைக்குச் சவுக்குக் கம்பும் தென்னங்கீற்றும் தாராளம். தகரம்தான் கையில் இருக்கிறதென்றால், அதன்மேல் கீற்றைப் பரப்பலாம்.

ஏழைப் பெண்களுக்குத் தமிழக அரசு நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வழங்கியிருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் ஊட்டிக்கும் திருத்தணிக்கும் ஒரே கூண்டு சரிப்படாது. குஞ்சு கொடுக்கும்போதே, அந்தந்த ஊர் வெயிலுக்கேற்ற கூண்டு வரைபடம் ஒன்றையும் கால்நடைத் துறை சேர்த்துக் கொடுக்க வேண்டும்.