கெட்டாலும் பரவாயில்லை என்ற விலை

2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெர்ரி பை விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதிப் பழகிய அனுபவம் குறைந்துகொண்டே போகிறதே என்ற கவலையில் எபன் அப்டனும் சகாக்களும் உருவாக்கிய சிறு கணினி அது. வீட்டுக் கணினியை நோண்டினால் பெற்றோர் பதறுவார்கள். இதைக் கெடுத்தாலும் வீடு இரண்டாகாது.

அந்த மலிவுதான் அதன் உயிர். 2015-இல் வந்த 5 டாலர் பை ஜீரோ, வார இதழோடு வரும் ஷாம்பு பாக்கெட் மாதிரி, ஒரு மாத இதழின் அட்டையோடு இலவசமாகவே கிடைத்தது!

பிறகு கதை மாறியது. சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது, இந்தச் சிறு கணினியைத் தங்கள் கருவிகளில் பொருத்தி விற்கும் தொழில் நிறுவனங்களுக்கே முன்னுரிமை கிடைத்தது. அவர்களுடைய பிழைப்பு அதில் இருந்தது, நியாயம்தான். ஆனாலும் யாருக்காகப் பிறந்ததோ அந்தப் பிள்ளைகள் வரிசையின் கடைசியில் நின்றது உறுத்துகிறது. 2023-இல் அறிமுகமானபோது பை 5-இன் தொடக்க விலை 60 டாலர். மறு ஆண்டே நிறுவனம் லண்டன் பங்குச் சந்தைக்கும் போய்விட்டது.

நிரல் பழகும் பிள்ளைகள் விளக்கை மினுக்கவும் தொட்டி மண்ணின் ஈரத்தை அளக்கவும் பை 5-இன் அவ்வளவு திறன் எதற்கு? அதே நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த பிக்கோ என்ற 4 டாலர் மைக்ரோகண்ட்ரோலர் பலகை போதும். விலையுயர்ந்த பெட்டிகளை வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கும் பள்ளிகள், ஆளுக்கொரு பிக்கோவை வீட்டுக்கே கொடுத்தனுப்பலாம்.