வெளிச்சமும் வெளுப்பும்

நம் சினிமா, புகைப்பட விமர்சனத்தில் ஒரு மூடநம்பிக்கை வேரூன்றிவிட்டது. பாதி முகம் இருட்டில் இருந்தால் ஆழம். சட்டகம் முழுக்க வெளிச்சம் பரவினால் சோப்பு விளம்பரம். 'நிழல்களின் கவிதை' என்று எழுதிவிட்டால் மேற்கொண்டு படத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற சௌகரியமும் இதில் உண்டு.

'ஹை கீ' ஒளியமைப்பில் பிரதான விளக்குக்கும் நிழலை நிரப்பும் விளக்குக்கும் வித்தியாசம் குறைவு. வெளிர்ந்த சாயல்களே படத்தை ஆள்கின்றன. ஆனால் அவற்றுக்குள் படிநிலைகள் இருந்தாக வேண்டும். வெள்ளைச் சட்டையின் மடிப்பு வெள்ளைச் சுவரில் கரைந்துவிட்டால், ஒளி மிஞ்சிப் படம் பாழாயிற்று என்றே பொருள்.

கார்ல் டிரையரின் ஜோன் ஆஃப் ஆர்க் படத்தில் (1928) வெளிறிய சுவருக்கு முன்னால் ஒப்பனையற்ற ஃபால்கனெட்டியின் முகம். சுவர் கண் கூசும் வெள்ளையாகிவிடக் கூடாதென்று செட்டுக்கு இளஞ்சிவப்பு பூசினார்கள். அத்தனை கணக்கு! நீதிபதிகளின் மருவும் சுருக்கமும் ஒளிந்துகொள்ள நிழலே இல்லை. (வங்கிக் கவுண்டரில் சந்தேகமான நோட்டை நான் வெளிச்சத்துக்கு நேரே தூக்கித்தான் பார்க்கிறேன்.)

சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ'வில் (1956) காசி வீட்டு முற்றம் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் போட்ட செட். அப்படிப்பட்ட முற்றத்தில் மேலே தெரியும் வானம்தான் விளக்கு. ஸுப்ரதா மித்ரா செட்டின் மேல் வெள்ளைத் துணி கட்டி, விளக்குகளை அதன்மீது அடித்து ஒளியைக் கீழே திருப்பினார். ஹரிஹர் சாகப்போகிற வீடு அது. சாவு வீட்டில் நிழல் கவிய வேண்டும் என்பது நாடகக் கொட்டகைப் புத்தி. மித்ரா அங்கே ஒரு சாதாரணப் பகலை இறக்கினார். அந்தப் பகலின் அலட்சியம் எந்த இருட்டையும்விட என்னைத் தொந்தரவு செய்கிறது.

ஓர் ஆட்சேபம் நியாயமானது. நம்மிடையே 'பளிச்' என்றால் சிவப்பாக்குவது என்று அர்த்தம். கல்யாண ஆல்பத்தில் கறுத்த மணப்பெண் மாவு பூசினாற்போல் நிற்கிறாள். அது தோலைப் பற்றிய வெட்கம். அதை வெளிச்சத்தின் கணக்கில் பற்று எழுதுவது என்ன நியாயம்? கறுத்த முகத்தைக் கறுப்பாகவே, கன்னத்து மினுமினுப்போடு, வெளிர்ந்த பின்னணியில் நிறுத்த முடியும். முகத்தை அளந்து ஒளியூட்டத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளை ஆல்பக்காரர்கள் தேடுவதில்லை. நம் இருட்டு ரசிகர்களும் தேடுவதில்லை.