கார்பன் ஃபைபரா, மேப்பிளா? க்யூ வாங்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பூல் விளையாட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு உள்ள குழப்பம்தான் இன்று பூல் விளையாடுகிறவர்களுக்கும் இருக்கிறது. எதை வாங்குவது? விலை அதிகம் என்றால் வேலையும் அதிகம் செய்யுமா? கடைக்காரர் சொல்லும் வார்த்தைகளில் எது நிஜம், எது விளம்பரம்? ஒரு கம்பை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப் பார்த்தால், அடுத்த முறை கம்ப்யூட்டருக்கு ஏதாவது வாங்கும்போதும் அது உங்களுக்கு உதவும்.

முதலில் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். பூல் மேஜையில் வெள்ளைப் பந்தை அடிக்கும் கம்புக்குப் பெயர் க்யூ. இது பொதுவாக இரண்டு துண்டாக வரும். கையில் பிடிக்கும் தடித்த பகுதி பட். பந்தை நோக்கி நீளும் மெல்லிய பகுதி ஷாஃப்ட். ஷாஃப்ட்டின் நுனியில் ஃபெரூல் என்ற சிறு வளையமும், அதன் மேல் தோலால் ஆன டிப்பும் இருக்கும். பந்தைத் தொடுவது அந்த டிப் மட்டும்தான்.

பல ஆண்டுகளாக ஷாஃப்ட் என்றால் மேப்பிள் மரம். வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் மெதுவாக வளரும் கெட்டியான மரம் இது. 2016-ல் அமெரிக்காவின் பிரிடேட்டர் நிறுவனம் ரேவோ என்ற கார்பன் ஃபைபர் ஷாஃப்ட்டைக் கொண்டு வந்தது. பின்னாலேயே க்யூடெக், மெஸ் போன்ற நிறுவனங்களும் வந்துவிட்டன. இன்று பெரிய போட்டிகளில் பார்த்தால் கறுப்பு ஷாஃப்ட்கள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன.

பெரிய நிறுவனங்களின் கார்பன் ஷாஃப்ட் ஒன்றுக்கு ஏறக்குறைய 400 முதல் 600 டாலர் ஆகிறது. இது ஷாஃப்ட்டுக்கு மட்டும், பட் தனி. இறக்குமதி வரி, கூரியர் எல்லாம் சேர்த்தால் நம் ஊரில் ஒரு நல்ல கம்ப்யூட்டரின் விலை வந்துவிடும். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ஆபீஸ் பூல் மேஜையில் விளையாட ஆரம்பித்து நான்கு மாதம்தான் ஆகிறது, இதைத் தவணையில் வாங்கத் தயாராகிவிட்டார். "அண்ணா, கார்பன் வாங்கிட்டா பந்து நேரா போயிடும்ல?" என்பது அவர் கேள்வி. அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

பந்து ஏன் விலகுகிறது?

வெள்ளைப் பந்தின் நட்டநடுவில் அடித்தால் எந்தக் கம்பாக இருந்தாலும் பந்து நேராகத்தான் போகும். ஆனால் ஆட்டக்காரர்கள் பந்தைச் சுழல வைப்பதற்காக நடுவிலிருந்து இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளி அடிப்பார்கள். அப்படி அடிக்கும்போது பந்து கம்பு காட்டும் திசையில் போகாது. வலப்பக்கம் அடித்தால் கொஞ்சம் இடப்பக்கமாகவும், இடப்பக்கம் அடித்தால் கொஞ்சம் வலப்பக்கமாகவும் விலகும். இதற்குத்தான் டிஃப்ளெக்ஷன் என்று பெயர். ஸ்க்வர்ட் என்றும் சொல்வார்கள்.

இந்த விலகல் எவ்வளவு முக்கியம்? வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸைத் திறந்து, டேன் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். இந்த ஃபங்ஷன் கோணத்தை ரேடியனில்தான் எதிர்பார்க்கும். எனவே டிகிரியை முதலில் ரேடியன்ஸ் ஃபங்ஷன் மூலம் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாமல் கொடுத்தால் விடை தாறுமாறாக வரும். 200 செ.மீ. தூரத்துக்கு அரை டிகிரி விலகினால் 1.75 செ.மீ., 1 டிகிரி விலகினால் 3.49 செ.மீ., 2 டிகிரி விலகினால் 6.98 செ.மீ. என்று விடை வரும்.

பூல் பந்தின் குறுக்களவு 5.7 செ.மீ. தான். பெரிய மேஜையின் விளையாடும் பரப்பு 254 செ.மீ. நீளம். அப்படியென்றால் மேஜையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அடிக்கும்போது 1 டிகிரி விலகல் என்பது அரைப் பந்துக்கு மேல். 2 டிகிரி என்றால் குறிவைத்த பந்தை முழுதாகத் தவறவிடலாம். சாதாரண மேப்பிளில் முழு சைடு ஸ்பின் கொடுத்தால் 2 டிகிரிக்கு மேலும் விலகல் வரும். எனவே விலகலைக் குறைப்பதாகச் சொல்லும் ஷாஃப்ட்டை வெறும் பந்தா என்று ஒதுக்கிவிட முடியாது.

காரணம் கார்பன் அல்ல, எடை

ஷாஃப்ட் விறைப்பாக இருந்தால் விலகல் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். கார்பன் ஃபைபர் விறைப்பானது, அதனால் நேராகப் போகிறது என்று கடையிலும் சொல்வார்கள். ஆனால் விஷயம் அப்படி இல்லை.

டிப்பும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு மில்லி செகண்டை ஒட்டியதுதான். டிப் பந்தின் ஓரத்தைத் தொட்டதும் பந்து சுழல ஆரம்பிக்கிறது. அந்தச் சுழற்சி டிப்பைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஷாஃப்ட்டின் நுனி கனமாக இருந்தால் அது சுலபமாக நகராது. பதிலுக்குப் பந்தை மறுபக்கம் தள்ளிவிடும். நுனி லேசாக இருந்தால் அது தானே விலகி வழிவிடும். பந்து குறைவாகத்தான் விலகும். அந்த ஒரு மில்லி செகண்டுக்குள் பக்கவாட்டு அசைவு ஷாஃப்ட்டில் அதிக தூரம் பரவ முடியாது. எனவே நுனியிலிருந்து சில அங்குலங்களின் எடைதான் கணக்கில் வருகிறது. கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பேராசிரியராக இருந்த டேவிட் ஆல்சியாடோர் அதிவேகக் கேமராவில் எடுத்த வீடியோக்களுடன் இதையெல்லாம் விளக்கியிருக்கிறார். இணையத்தில் தேடினால் இலவசமாகவே பார்க்கலாம்.

பிரிடேட்டர் நிறுவனமே 1990-களில் அயர்ன் வில்லி என்ற ரோபோவை வைத்து அடித்துச் சோதித்துத்தான் 314 என்ற ஷாஃப்ட்டை உருவாக்கியது. அது கார்பன் அல்ல, மேப்பிள்! பல மரத் துண்டுகளை ஒட்டிச் செய்து, நுனியில் துளை போட்டு எடையைக் குறைத்தார்கள். ஆக, விலகல் குறைந்த மேப்பிள் ஷாஃப்ட் கார்பன் வருவதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே கிடைத்தது. இன்றும் கிடைக்கிறது. கார்பனின் சிறப்பு, உள்ளே குழாய்போல் வெற்றிடம் விட்டாலும் உறுதியாக நிற்பது. அதனால் நுனியை லேசாக்குவது எளிதாகிறது. ஸ்னூக்கர் ஆட்டக்காரர்கள் இன்னும் பெரும்பாலும் ஆஷ் மரத்தில்தான் ஆடுகிறார்கள். அவர்கள் கம்பின் நுனி சுமார் 9 முதல் 10 மி.மீ. தான், பூல் மேப்பிளில் 13 மி.மீ. வழக்கம். மெல்லிய நுனி, குறைந்த எடை.

இன்னொரு விளம்பரம், கார்பனில் அதிக ஸ்பின் கிடைக்கும் என்பது. ஸ்பின் எவ்வளவு வரும் என்பது நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறீர்கள், எவ்வளவு வேகமாக அடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பந்தின் ஆரத்தில் ஏறக்குறைய பாதிக்கு மேல் தள்ளி அடித்தால் டிப் வழுக்கிவிடும். இந்த எல்லை மேப்பிளுக்கும் அதேதான், கார்பனுக்கும் அதேதான்.

கம்ப்யூட்டரில் நாம் அடிக்கடி பார்ப்பது இதுதானே? பழைய ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும். மெஷின் மெதுவாக இருக்கிறது என்று பிராசசரை மாற்றுவார்கள். உண்மையில் ஒரு எஸ்எஸ்டி போட்டிருந்தால் கால்வாசிச் செலவில் வேலை முடிந்திருக்கும். எந்தப் பாகம் வேலையைத் தடுக்கிறது என்று பார்க்காமல் பெயரைப் பார்த்து வாங்கினால் பணம்தான் போகும்.

கார்பனின் நிஜமான லாபம்

கார்பனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு உண்மையான லாபம் ஒன்று இருக்கிறது. மரம் ஈரப்பதத்தை உறிஞ்சும், விடும். சென்னை போன்ற கடலோர ஊரில், பகலில் ஏசி, இரவில் ஏசி இல்லை என்று இருக்கும் அறையில், சுவரில் சாய்த்து வைத்த மேப்பிள் கம்பு காலப்போக்கில் வளைந்துவிடும். கார்பன் வளையாது. கீழே தட்டினால் மரத்தில் சிறு பள்ளம் விழும். கார்பனில் அவ்வளவு சுலபமாக விழாது. சாக் தூள் மரத்தில் ஊறி நீலமாகும். கார்பனை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பத்து வருடம் ஒரே மாதிரி இருக்கும் கம்பு என்பது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. மரத்தில் விழுந்த பள்ளத்தை ஈரம் காட்டி உப்ப வைத்துத் தேய்த்துச் சரி செய்யலாம். கார்பனில் விரிசல் விட்டால் அவ்வளவுதான். அதை நீங்களே உப்புத்தாள் வைத்துத் தேய்க்கவும் கூடாது; அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. அடிக்கும் சத்தமும், கையில் தெரியும் அதிர்வும் வேறு. மரத்தின் அந்த உணர்வுக்காகவே மாறாதவர்கள் இருக்கிறார்கள்.

பழகிய கையின் கணக்கு

பல வருடம் மேப்பிளில் ஆடியவரின் கை, விலகலைக் கணக்கில் எடுத்துத் தானாகவே குறியை மாற்றிக்கொள்ளும். அவர் கார்பனுக்கு மாறினால் விலகல் குறைவு. ஆனால் கை பழைய கணக்கையே போடும். எனவே ஆரம்பத்தில் தவறும். டைப்ரைட்டர் முறையில் தமிழ் அடித்துப் பழகியவர் தமிழ் 99 கீபோர்டுக்கு மாறும்போது சில வாரம் தடுமாறுவார் இல்லையா, அது மாதிரி. எஃப்ரென் ரேயஸ் 1999-ல் உலக 9-பால் பட்டத்தை வென்றபோது கார்பன் ரேவோ பிறக்கவே இல்லை. 2022-ல் அதே பட்டத்தை வென்ற ஷேன் வான் போனிங் கார்பனில் ஆடினார். இருவருக்கும் பொதுவானது, பல்லாயிரம் மணி நேரப் பயிற்சி.

என்ன வாங்கலாம்?

ஆட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகாதவர்கள் நேரான, சாதாரண மேப்பிள் க்யூ ஒன்றை வாங்குங்கள். வாங்கும்போது ஷாஃப்ட்டைத் தனியாக மேஜையில் உருட்டிப் பாருங்கள். ஏறி இறங்கி உருண்டால் வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல டிப் ஒன்று போடுங்கள். தட்டையாகவும் வழவழப்பாகவும் போன டிப் எவ்வளவு விலையுள்ள ஷாஃப்ட்டில் இருந்தாலும் வழுக்கத்தான் செய்யும். ஒவ்வொரு அடிக்கும் முன் சாக் போடுங்கள். முதல் சில மாதங்கள் வெள்ளைப் பந்தின் நடுவில் அடித்தே பழகுங்கள். நடுவில் அடித்தால் விலகலே இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

சைடு ஸ்பின் தெரிந்து, வாரம் மூன்று நாளாவது ஆடுகிறவர்கள் விலகல் குறைந்த ஷாஃப்ட்டுக்குப் போகலாம். அப்போதும் முதலில் அந்த வகை மேப்பிளை நண்பரிடம் வாங்கி ஆடிப் பாருங்கள். வளைவும் பராமரிப்பும் தொல்லையாக இருந்தால் மட்டும் கார்பன். 200 டாலருக்குள்ளும் இப்போது கார்பன் ஷாஃப்ட்கள் வருகின்றன என்பதையும் கவனியுங்கள்.

முக்கியமான ஒன்று. ஷாஃப்ட்டும் பட்டும் இணையும் மரை எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றல்ல. டிடிஆர் 4 ஸ்லாட்டில் டிடிஆர் 5 ராம் எப்படிப் பொருந்தாதோ, அப்படித்தான் இதுவும். உங்கள் பட்டில் என்ன மரை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இணையத்தில் ஆர்டர் செய்யாதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், கார்பன் ஃபைபர் நல்ல பொருள். ஆனால் புதியவர்களுக்கு அது தீர்க்கும் பிரச்சினை இன்னும் வரவே இல்லை. வராத பிரச்சினைக்குத் தவணை கட்டுவதைவிட, அந்தப் பணத்தில் மேஜைக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடுங்கள். கையில் வரும் பயிற்சியை எந்த ஷாஃப்ட்டில் வேண்டுமானாலும் பிறகு மாட்டிக்கொள்ளலாம்.