பறந்தால்தான் காசு... காத்திருந்தால் கிடையாது! பைலட்டுகளின் ‘டியூட்டி’ கணக்கு என்ன?

பைலட் வேலை என்றாலே நம்ம ஊரில் ஒரு பேச்சு உண்டு. ‘மாசம் பல லட்சம் சம்பளம், பெரிய ஓட்டலில் தங்கல், அவங்களுக்கு என்னப்பா குறை?’ என்பார்கள்.

சம்பளம் பெரிசுதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த சம்பளம் எந்த நேரத்துக்கு கிடைக்கிறது, எந்த நேரத்துக்கு கிடைப்பதில்லை என்று பார்த்தால்தான் விஷயமே இருக்கிறது. இது விமானிகளின் வீட்டு விவகாரம் மட்டுமல்ல. பின்னால் உட்கார்ந்து வரும் 180 பேரின் உயிர் சம்பந்தப்பட்டதும்கூட.

2025 டிசம்பர் முதல் வாரத்தை பயணிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாளில் இண்டிகோ நிறுவனத்தின் 2,507 விமானங்கள் ரத்தாயின. 1,852 விமானங்கள் தாமதமாயின. 3 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் ஏர்போர்ட்டுகளில் பெட்டி படுக்கையோடு தவித்தனர். கல்யாணத்துக்கு கிளம்பியவர், ஆஸ்பத்திரிக்கு கிளம்பியவர் எல்லாரும் நடுவழியில் நின்றார்கள்.

விமானிகளுக்கு கூடுதல் ஓய்வு தரச்சொன்ன புதிய விதிக்கு ஏற்ப ஆள் பலத்தை தயார் செய்யாததுதான் இந்த குளறுபடிக்கு முக்கிய காரணம்.

கட்டையை எடுத்தால் ஓடும் மீட்டர்

பைலட்டுக்கு இரண்டு கடிகாரம் ஓடுகிறது. ஒன்று டியூட்டி நேரம். ஏர்போர்ட்டில் கையெழுத்து போட்டதில் இருந்து, கடைசி விமானத்தை நிறுத்தி பேப்பர் வேலை முடிப்பது வரை.

இன்னொன்று பறக்கும் நேரம். சக்கரத்துக்கு முட்டு கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகர்வதில் இருந்து, போய் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை போடுவது வரை. ரன்வேக்கு போக வரிசையில் நிற்கும் நேரமும், இறங்க இடம் கிடைக்காமல் வானத்தில் வட்டமடிக்கும் நேரமும் இதில் சேரும்.

மாதத்துக்கு இத்தனை மணி என்று நிலையான சம்பளம் ஒன்று உண்டு. அதற்கு மேல் பறந்தால் மணிக்கு இவ்வளவு என்று தனியாக கிடைக்கும். அந்த மணிக்கணக்கு பெரும்பாலும் இந்த இரண்டாவது கடிகாரத்தை வைத்துதான் போடப்படுகிறது.

உதாரணத்துக்கு சென்னை பைலட் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரே நாளில் மதுரை போய் சென்னை திரும்புகிறார். அப்புறம் தூத்துக்குடி போய் திரும்புகிறார். மொத்தம் நாலு பயணம். ஒன்றுக்கு 1¼ மணி என்றால் பறந்தது 5 மணி நேரம்.

ஆனால் காலை 6 மணி விமானத்துக்கு அவர் 5 மணிக்கே ஆஜர். வானிலை, எரிபொருள், விமானத்தில் உள்ள சில்லறை பழுதுகள் எல்லாம் பார்க்க வேண்டும். நடுவில் மூன்று இடத்தில் 35 நிமிஷம் வீதம் தரையில் நிற்க வேண்டும். கடைசியில் கால் மணி நேரம் பேப்பர் வேலை. ஆக மதியம் 1 மணிக்குதான் விடுதலை. டியூட்டி 8 மணி, மீட்டர் ஓடியது 5 மணி.

அன்றைக்கு மழையோ பனிமூட்டமோ வந்து 2 மணி நேரம் தாமதம் ஆனால்? டியூட்டி 10 மணி. மீட்டரில் அதே 5 மணிதான்.

நம்ம ஆட்டோ டிரைவர்கூட கடை வாசலில் பத்து நிமிஷம் நிறுத்தினால் வெயிட்டிங் சார்ஜ் கேட்கிறார். விமானத்தில் அது அவ்வளவு சுலபமாக கிடைப்பதில்லை. சில நிறுவனங்கள் மட்டும் ‘படி’ என்று கொஞ்சம் தருகின்றன.

பஸ் டிரைவருக்கு இருந்த கணக்கு

1961-ம் ஆண்டு வந்த மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டத்தில், வண்டி ஓடும் நேரம் மட்டும் வேலை நேரம் அல்ல என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ஓட்டும் வேலையோடு சேர்ந்த மற்ற வேலைகளுக்கான நேரமும், டெர்மினலில் 15 நிமிஷத்துக்கு குறைவாக சும்மா நிற்கும் நேரமும்கூட வேலை நேரம்தான். நாளைக்கு 8 மணி என்பது இதெல்லாம் சேர்த்துதான். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்ட தொகுப்பில் அந்த பழைய சட்டம் கரைந்துவிட்டது.

விமானிகள் விஷயத்தில் டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமான போக்குவரத்து இயக்குனரகம் நேரத்துக்கு மட்டும் எல்லை போடுகிறது. வருஷத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடாது. வாரத்துக்கு 35 மணிக்கு மேல் கூடாது. டியூட்டி நேரத்துக்கும் தனி எல்லை உண்டு. ஆனால் சம்பளம் எப்படி என்பது கம்பெனிக்கும் விமானிக்கும் நடுவில் உள்ள ஒப்பந்தம். ஓய்வு சட்டம் ஒரு பக்கம் போகிறது. சம்பளம் இன்னொரு பக்கம் போகிறது. சிக்கல் இங்கேதான்.

ஓய்வு கூடினால் காசு குறையும்

2024 ஜனவரியில் வந்த புதிய விதி என்ன சொன்னது? வார ஓய்வு 36 மணியில் இருந்து 48 மணி. ‘இரவு’ என்பது அதிகாலை 5 மணியோடு முடியாமல் 6 மணி வரை நீளும். இரவு டியூட்டியில் 6 முறை தரையிறங்கலாம் என்று இருந்தது 2 முறையாக குறைக்கப்பட்டது.

விமான நிறுவனங்கள் எதிர்த்ததால் விதி தள்ளிப்போனது. டெல்லி ஐகோர்ட்டு வரை விவகாரம் போய், 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரண்டு கட்டமாக அமலானது. அடுத்த மாதமே இண்டிகோ தடுமாறியது. இரவு விதியில் இருந்து அந்த நிறுவனத்துக்கு மட்டும் 2026 பிப்ரவரி 10 வரை சலுகை தரப்பட்டது. பிறகு ஜனவரியில் 22 கோடியே 20 லட்சம் ரூபாய் அபராதமும் போடப்பட்டது.

இதில் வெளியே தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஓய்வு கூடினால் பறக்கும் நேரம் குறையும். பறக்கும் நேரம் குறைந்தால் மீட்டர் காசும் குறையும். ‘எனக்கு அசதியாக இருக்கிறது, இன்றைக்கு ஓட்ட முடியாது’ என்று சொல்லும் பைலட்டின் பாக்கெட்டிலும் கை விழுகிறது. படிக்க வாங்கிய கடனுக்கு மாசாமாசம் தவணை கட்டும் இளம் கோ-பைலட் அதை வாய் திறந்து சொல்வாரா? யோசிக்க வேண்டிய கேள்வி.

2024 ஏப்ரலில் விஸ்தாரா நிறுவனத்தில் இதே தகராறுதான் வெடித்தது. 70 மணி நேரத்துக்கு நிலையான சம்பளம் என்று இருந்ததை, ஏர் இந்தியாவோடு இணைவதற்காக 40 மணியாக குறைத்தார்கள். அதிகம் அடிபட்டவர்கள் கோ-பைலட்டுகள். பல பேர் டியூட்டிக்கு வரவில்லை. ஏராளமான விமானங்கள் ரத்தாயின.

அசதி விளையாட்டல்ல

2010 மே 22-ந்தேதி மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையை தாண்டி பள்ளத்தில் விழுந்து 158 பேர் பலியானார்கள். பயணத்தின் பெரும்பகுதியில் கேப்டன் தூங்கியிருந்தார், தூக்கக்கலக்கமும் ஒரு காரணம் என்றது விசாரணை அறிக்கை.

அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் பபலோ நகரம் அருகே விமானம் விழுந்து 50 பேர் பலியானார்கள். அந்த கோ-பைலட் குறைந்த சம்பளக்காரர். வேலைக்காக ராத்திரி முழுக்க நாட்டின் ஒரு கோடியில் இருந்து மறுகோடிக்கு பயணம் செய்து வந்தவர். அதன்பிறகே அங்கு ஓய்வு விதி மாற்றப்பட்டு 2014 ஜனவரியில் அமலானது.

அங்கே என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பறந்த நேரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், இரண்டு மணி நேர டியூட்டிக்கு குறைந்தது ஒரு மணி நேர சம்பளம் என்பது போன்ற உத்தரவாதம் யூனியன் ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஊரைவிட்டு வெளியே இருக்கும் நேரத்துக்கும் தனி கணக்கு உண்டு.

கனடாவில் 2025 ஆகஸ்டு 16-ந்தேதி ஏர் கனடாவின் சுமார் 10 ஆயிரம் விமான பணியாளர்கள் ஸ்டிரைக்கில் குதித்தார்கள். பயணிகளை ஏற்றி உட்கார வைக்கும் நேரத்துக்கும் சம்பளம் வேண்டும் என்பது முக்கிய கோரிக்கை. வேலைக்கு திரும்பச்சொன்ன உத்தரவையும் மீறி நின்றார்கள். கடைசியில் தரையில் செய்யும் வேலைக்கும் சம்பளம் என்று உடன்பாடு வந்தது.

கம்பெனி பக்கம்

நிறுவனங்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். விமானம் பறந்தால்தான் அவர்களுக்கு வருமானம். நிற்கும்போது வாடகையும் பார்க்கிங் கட்டணமும்தான் ஏறும். பனிமூட்டத்துக்கு நாங்கள் என்ன செய்வது என்கிறார்கள். நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் காத்திருக்கும் நேரம் முழுக்க பணியாளர் தலையில் விழுந்தால், தாமதத்தை குறைக்க கம்பெனிக்கு அவசரம் எங்கிருந்து வரும்? காத்திருப்புக்கும் விலை என்று வந்தால்தான் ரோஸ்டர் போடுகிறவர் பார்த்து போடுவார். டிசம்பர் அடிக்குப்பிறகு இண்டிகோவே 2026 ஜனவரி முதல் வெளியூர் தங்கல் படி, இரவு படி போன்றவற்றை உயர்த்தியது.

ஓய்வு விதி மட்டும் போதாது. ஓய்வெடுத்தால் நஷ்டம் இல்லை என்ற நிலையும் வேண்டும். டியூட்டி நேரத்துக்கு குறைந்தபட்ச சம்பளம், அசதி என்று சொன்னவருக்கு சம்பள பிடித்தம் இல்லை என இரண்டு வரி சேர்த்தாலே பாதி பிரச்சினை தீரும்.

டிக்கெட் விலை நூறோ இருநூறோ கூடலாம். தூக்கம் கலைந்த கண்ணோடு ஒருவர் முன்னால் உட்கார்ந்திருப்பதைவிட அது மலிவுதான்.